நெல் மில்லுக்குப் போன மீன் லோரி

சரக்கு அனுப்ப வேண்டும் என்று யாராவது ஃபோன் செய்தால் நீங்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" என்பதைத்தான். போன வாரம் உங்கள் ஆபீசுக்கு வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். எடையைக் கேட்டதும் கம்ப்யூட்டரில் தட்டுகிறீர்கள், அது ஒரு வண்டியைச் சொல்கிறது, நீங்களும் அதையே சொல்லிவிடுகிறீர்கள். பெரிய சரக்குக்கு இது சரியாக வரும். பத்து டன் உரத்தை எதில் ஏற்றுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தொல்லை கொடுப்பது சின்னச் சரக்குதான். லோரியின் ஒரு மூலைக்குக்கூட வராது, ஆனால் வேனின் கதவுக்குள் நுழையாது. அந்த மாதிரி ஒரு சரக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் கோலசிலாங்கூரில் ஒரு லோரி கம்பெனியில் வண்டி அனுப்பும் மேசையில் இருந்தேன். அந்த வேலையில் அப்போது பெண்கள் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட, டைப் அடிக்க வந்த என்னை முதலாளி, "கொஞ்ச நாள் பார்த்துக்கோ மல்லிகா" என்று அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் எஸ்டேட்டில் காண்டிராக்ட் எடுத்துச் சம்பாதித்து, ஒரு லோரியில் தொடங்கி மேலே வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் கோபக்காரர். எங்களிடம் ஏழு டன் லோரிகள் இரண்டு, மூன்று டன் லோரி ஒன்று, அப்புறம் பழைய ஒரு டன் லோரி ஒன்று. அந்தக் கடைசி வண்டிக்கு ஆபீசில் மீன் லோரி என்று பெயர். தினமும் சாயங்காலம் பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவர் ஊருக்குப் போய் மீன் பெட்டிகளை ஏற்றி வரும். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. ஓட்டுநர்கள் அதைத் தொடவே யோசிப்பார்கள்.

அறுவடைக் காலம். வானம் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் சுங்கை பெசார் பக்கத்திலிருந்து ஒரு ஹாஜி ஃபோன் செய்தார். பாரிட் என்கிற வாய்க்கால் ஓரத்தில் நெல் மில் வைத்திருப்பவர். எங்களுக்குப் புது வாடிக்கை. அவர் பேசியதெல்லாம் மலாய். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

அவருடைய மில்லில் நெல் காயவைக்கும் இயந்திரத்தின் காற்றாடிச் சக்கரம் உடைந்துவிட்டது. சூடான காற்றை நெல்லுக்குள் தள்ளுவது அந்தச் சக்கரம்தான். கிள்ளானில் ஒரு பட்டறையில் புதுச் சக்கரம் வாங்கினார். வேறொரு கம்பெனியின் பெரிய லோரி அதைக் கொண்டு வந்தது. வந்து சேர்ந்தபோது சக்கரம் வளைந்திருந்தது. பொருத்திச் சுற்றிப் பார்த்தால் முழு இயந்திரமும் ஆடுகிறது. பட்டறையில் அதே அளவில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறதாம். அதுவும் போனால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

"வாசல் நிறைய நெல் கிடக்குது. எல்லாம் ஈரம். மூட்டைக்குள்ள கையை விட்டா சுடுது. இப்படியே விட்டா முளைச்சுடும்" என்றார். "அதனால உங்ககிட்ட இருக்கிற ஆகப் பெரிய லோரியை அனுப்புங்க. நிறைய இடம் இருந்தா எதுலயும் இடிக்காதுல்ல?"

கலங்கிப் போன மனிதரின் குரல் அது. அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அந்த நிமிஷம் அவருக்கு நிம்மதி. ஏழு டன் லோரி ஒன்று வாசலில் சும்மாதான் நின்றது. "சரி ஹாஜி" என்று சொல்லியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

நான் வேறொன்று கேட்டேன். "வளைஞ்ச சக்கரம் இன்னும் அங்கதானே இருக்கு? அடி எங்க பட்டிருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரே இடத்துலயா, சுத்தியுமா?"

அவருக்கு எரிச்சல்தான். இருந்தாலும் ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். சுற்றிலும் பட்டிருக்கிறது, அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன அடி என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழே விழுந்த சாமானுக்கு ஒரு இடத்தில் பெரிய அடி இருக்கும். சுற்றிலும் சின்ன அடி என்றால் அது வழி நெடுக குதித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஏழு டன் லோரியின் ஸ்பிரிங் ஏழு டன்னைத் தாங்கச் செய்தது. பாரம் இல்லாமல் ஓடினால் அது வளைந்து கொடுக்காது, ஒவ்வொரு குழியிலும் தூக்கி அடிக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கிவிடக்கூடிய ஒரு சக்கரத்தை லோரியின் பின்னாலிருக்கும் அந்தக் காலி மேடையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டி பெரிதாக இருந்ததுதான் அதைக் கெடுத்தது.

அடுத்த கேள்வி. "அந்த லோரி மில் வாசல் வரைக்கும் வந்துச்சா?"

"எங்க வரும்? பாரிட் மேல இருக்கிற பாலம் குறுகல், கார் போற அகலம்தான். ரோட்டுலயே இறக்கித் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளினாங்க."

அப்புறம் கிள்ளான் பட்டறைக்கு ஃபோன் செய்தேன். சக்கரத்தின் அளவை அவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது சக்கரத்தின் அளவு இல்லை, அதை வைத்து அடிக்கும் மரப்பெட்டியின் அளவு. அளந்து சொல்லச் சொன்னேன். வெளியில் ஒரு வேனை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், அதன் கதவுக்குப் பெட்டி அகலம் அதிகம். பிக்-அப்பில் வைத்தால் கால்வாசி வெளியே தொங்கும். மூன்று டன் லோரி ஹாஜியின் பாலத்தில் ஏறாது. ஒரு டன் லோரியின் மேடையில் படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். பழைய வண்டி, ஸ்பிரிங் இளகியிருக்கும். எனக்கு அதுதான் வேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் லோரியா?"

"ஆமாம் முதலாளி."

"ஹாஜி பெரிய ஆளு. அந்த வட்டாரத்துல அவர் ஒரு வார்த்தை சொன்னா அத்தனை மில்லும் நம்ம கிட்ட வரும். அவர் ஏழு டன் கேக்குறாரு. நீ நாத்தம் புடிச்ச வண்டியை அனுப்புறேங்கிற. நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு?"

குதிப்பதைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் சொன்னேன். கேட்டார். ஆனால் முகம் இளகவில்லை.

"சரி, நாளைக்குச் சாயங்காலம் மீனை யார் எடுக்கிறது? அந்த மீன் வியாபாரி டவ்க்கேவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சுங்கை பெசார் போற வண்டிக்கு பாகான் நக்கோடா ஓமார் எவ்வளவு தூரம் முதலாளி? சக்கரத்தை இறக்கிட்டு அப்படியே போய் மீனை ஏத்திக்கிட்டு வந்துடும். எப்பவும் காலியாத்தான் போகுது. நாளைக்குக் கூலியோட போகும்."

மேசையில் வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். கணக்கில் மடக்கிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். "நீ சொன்ன வண்டி. நீயே கூடப் போ. இந்தச் சக்கரமும் வளைஞ்சா நீ மறுபடியும் டைப் அடிக்கப் போயிடு" என்றார்.

போகிறேன் என்றேன்.

எங்களிடம் இருந்த ஆகச் சிறந்த ஓட்டுநர் காளிமுத்து அண்ணன். ஏழு டன் லோரிகளில் ஒன்று அவருடையது மாதிரி. தினமும் தன் கையால் துடைப்பார். அவரிடம் போய் நாளைக்கு மீன் லோரியை ஓட்ட வேண்டும் என்றதும், "என்னைத் தண்டிக்கிறீங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. லோரியில ஒரு சாமான் இருக்குங்கிறதை மறக்காம ஓட்டுறவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். சாமான் சின்னது. அதுக்குப் பின்னால நிக்கிற நெல்லு பெருசு."

மீன் லோரி நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் ஓட்டுவேன். மழை உள்ள வந்தா நீங்க நனையணும், பரவாயில்லையா?" என்றார்.

மறுநாள் காலையில் கிள்ளானுக்குப் போனோம். பட்டறை ஃபோர்மன் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அவரிடம் பழைய டயர் கிடைக்குமா என்று கேட்டேன். பின்பக்கம் குவித்து வைத்திருந்தார்கள். அவற்றை மேடை முழுக்கப் படுக்க வைத்து, மேலே பெட்டியை இறக்கச் சொன்னேன்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற காளிமுத்து அண்ணன், பெட்டி டயர் மேல் உட்கார்ந்ததும் மேடையில் ஏறினார். பெட்டியின் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி மெல்ல மேலே வந்தது. மேடையில் நின்றபடியே இரண்டு குதி குதித்தார். பெட்டி லேசாக அசைந்து அடங்கியது. அதன் பிறகு கயிற்றை வேறு யாரையும் தொட விடவில்லை. நாலு மூலையிலும் தானே கட்டினார். இறங்கி வந்து, "இது குதிக்காது" என்றார். முந்தின நாளிலிருந்து அவர் முகத்தில் இருந்த வீம்பு அப்போதுதான் போனது.

காப்பார், ஜெராம் எல்லாம் மழையில் கடந்தோம். குழி வரும் இடமெல்லாம் அவருக்குத் தெரியும். கோலசிலாங்கூரைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு மரக்கட்டை லோரி குடை சாய்ந்து, கட்டைகள் ரோட்டை அடைத்துக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் அகற்ற முடியாது என்று ஒரு போலீஸ்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். கார்களை மட்டும் பக்கத்திலிருந்த செம்பனை எஸ்டேட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். லோரிகள் எல்லாம் நிற்க வேண்டியதுதான்.

காளிமுத்து அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். "இதை நீங்க கணக்குல எடுத்திருக்க முடியாது தங்கச்சி. யாரும் எடுத்திருக்க முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மூட்டைக்குள் கை விட்டால் சுடுகிறது என்று ஹாஜி சொன்னது மட்டும்தான் மனதில் ஓடியது.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கி எஸ்டேட் கேட்டுக்கு நடந்தேன். அங்கே ஒரு ஜாகா, காவல்காரர், நின்றிருந்தார், தமிழர், நடு வயது. லோரிகளை ஏன் விடுவதில்லை என்று கேட்டேன்.

"உள்ள ஒரு பலகைப் பாலம் இருக்கும்மா. லோரி ஏறினா உள்ள போயிடும்."

"எவ்வளவு தாங்கும்னு போர்டு இருக்கா?"

"இருக்கு. அஞ்சு டன்."

"எங்க வண்டி சரக்கோட சேர்த்து அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வந்து பாருங்கண்ணே."

சரக்கு வண்டிகளின் கதவில் எடை எழுதியிருக்கும் அல்லவா, வெறும் வண்டி எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று. அதை நீங்கள் யாரும் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஜாகாவும் போலீஸ்காரரும் மழையில் வந்து நின்று படித்தார்கள். போலீஸ்காரர் கதவையும் பார்த்தார், பின்னால் வரிசையில் நின்ற பெரிய லோரிகளையும் பார்த்தார். "இந்த ஒண்ணு போகட்டும்" என்றார்.

பாலத்துக்கு முன்னால் நான் இறங்கிக்கொண்டேன். போர்டில் ஜாகா சொன்ன எடைதான் எழுதியிருந்தது. ஆனாலும் எழுத்தை நம்புவது ஒன்று, நனைந்த பலகை மேல் ஒரு மனிதர் வண்டியை ஓட்டுவதை நின்று பார்ப்பது வேறு. கீழே கால்வாய் கலங்கலாக ஓடியது. காளிமுத்து அண்ணன் தலையை வெளியே நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்தபடியே ஊர்ந்து வந்தார். பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. பின் சக்கரம் மண்ணில் ஏறியபோது அவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். நான் பாலத்தின் மேல் ஓடியே போய் வண்டியில் ஏறினேன். வயசு அப்படி.

தஞ்சோங் காராங் பக்கத்தில் மறுபடியும் பெரிய ரோட்டுக்கு வந்தோம். முன்னால் ஒரு லோரி இல்லை. ரோடு முழுக்க எங்களுக்குத்தான்.

ஹாஜி மில்லுக்கு முன்னால் குடையோடு நின்றிருந்தார். பாரிட் பாலத்தில் திரும்பிய எங்கள் வண்டியை அவர் சரக்கு லோரி என்றே நினைக்கவில்லை. "மீன் வேண்டாம், போங்க" என்று கையை ஆட்டினார். நான் இறங்கி யார் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. "ஆகப் பெரிய லோரி கேட்டேனே, சிக் மல்லிகா" என்று மட்டும் சொன்னார். சிக் என்றால் மலாயில் மிஸ்.

"முதல்ல பெட்டியைத் திறந்து பாருங்க ஹாஜி" என்றேன்.

வாசலின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் மூடிய மூட்டைகள். நடுவில் ஒரு சந்துதான். அதற்குள் காளிமுத்து அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து, இயந்திரம் இருக்கும் அறையின் கதவு வரை கொண்டுபோய் நிறுத்தினார். மேடையிலிருந்து நேராக அறைக்குள் பெட்டியை நகர்த்தினார்கள். தள்ளுவண்டிக்கு வேலையே இல்லை.

மில்லின் ஃபிட்டர் பெட்டியை உடைத்து, சக்கரத்தை அச்சில் மாட்டி, ஒரு விரலால் சுற்றிவிட்டார். அது சுற்றியது. எல்லாரும் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சமும் ஆடவில்லை. சுற்றிச் சுற்றி தானாகவே நின்றது. ஃபிட்டர் ஹாஜியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

முடுக்கி முடித்து சுவிட்சைப் போட்டபோது முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரே சீரான இரைச்சல். கட்டடம் முழுக்கச் சூடான நெல் வாசம். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே வந்தார்கள். ஒரு மலாய் அம்மா, பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வந்திருந்தவர், காற்று வரும் இடத்தில் தன் நெல்லை ஒரு கை அள்ளிக் காட்டிக்கொண்டே நின்றார். பிறகு அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹாஜி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. தட்டில் பாதி சோறு இருக்கும்போது, "அந்த மரக்கட்டை லோரி இன்னும் ரோட்டுலதான் கிடக்குதாம். நான் கேட்ட வண்டியை நீங்க அனுப்பியிருந்தா?" என்று கேட்டார்.

"இப்போ அங்க வரிசையில நின்னுக்கிட்டிருக்கும் ஹாஜி."

"குதிச்சு வளைஞ்ச சக்கரத்தோட" என்றார் காளிமுத்து அண்ணன், மீனைப் பிட்டுக்கொண்டே. ஹாஜி வயிறு குலுங்கச் சிரித்தார்.

அங்கிருந்து பாகான் நக்கோடா ஓமாருக்குப் போய், வழக்கமான நேரத்தில் மீன் பெட்டிகளை ஏற்றினோம். ரோட்டையும் அதற்குள் திறந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் ஆபீஸ் வாசலில் இருந்தோம். முதலாளி வெளியே வந்து நின்றார். அவருக்குச் செய்தி முன்னாலேயே ஃபோனில் வந்துவிட்டது. காளிமுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னிடம், "அந்த அஞ்சு டன் போர்டு, அது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியாது முதலாளி."

"அப்புறம் எப்படி?"

நான் அப்போது சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ரோடு அடைபடும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பாலம் எந்த எஸ்டேட்டுக்குள் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் சரக்குக்குச் சரியான அளவில் ஒரு வண்டி போனால், தெரியாத சங்கடம் வரும்போது அதற்கு இரண்டு வழியாவது திறந்திருக்கும். தேவைக்கு மேல் பெரிய வண்டிக்கு ஒரு வழிதான். தேவைக்குச் சின்னதான வண்டிக்கு அந்த ஒரு வழியும் கிடையாது. அதனால் எடையைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பெட்டியின் அளவைக் கேளுங்கள். கடைசி நூறு அடி எப்படி இருக்கும் என்று கேளுங்கள். யார் இறக்குவார்கள், எந்தக் கதவு வழியாக என்று கேளுங்கள். வாடிக்கையாளர் பயத்தில் ஒரு வண்டியைக் கேட்டால், அவர் பயத்தை மதியுங்கள், வண்டியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். முதலாளி முறைக்கத்தான் செய்வார். முறைக்கட்டும்.

டைப்ரைட்டர் பக்கம் நான் திரும்பிப் போகவில்லை. அந்த நாற்காலியில்தான் கடைசிவரை இருந்தேன்.

அந்த அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் ஹாஜியிடமிருந்து ஃபோன் வந்தது. முதலாளிதான் எடுத்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உன்னைத்தான் கேக்குறாரு."

ஹாஜி நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "சிக் மல்லிகா, தவிடு சலிக்கிற மெஷின் ஒண்ணு வருது. பெட்டியோட நீளம் ஆறடி, அகலம் மூணடி, நிக்க வச்சுத்தான் கொண்டுவரணுமாம். இறக்க நாலு பேர் இருக்காங்க. பாலத்துல ஒரு பலகை மாத்தியிருக்கோம், இப்போ உறுதியா இருக்கு. மழை இல்லை. பின் கதவு வழியா உள்ள வரணும்."

அதோடு நிறுத்திக்கொண்டார். எந்த வண்டி வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

சொன்னேன்.